காலாவதியான லயபிலிட்டி பாலிசி இன்னும் உயிரோடதான் இருக்கு, பிளாசாவை விக்கறதுக்கு முன்னாடி அதைத் தேடுங்க

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மாமனார் 1996-ல சான் ஹோசே பக்கம் ஒரு சின்ன ஷாப்பிங் பிளாசா வாங்கினார், அதுல 1961-ல இருந்து 1991 வரைக்கும் ஒரு டிரை கிளீனிங் கடை ஓடியிருக்கு, இப்ப ரீஃபைனான்ஸ் பண்ணப் போனப்ப பேங்க் மண்ணைத் தோண்டிப் பாக்கச் சொல்லி, மண்ணுலயும் நிலத்தடி நீர்லயும் பெர்க் (டிரை கிளீனிங்ல துணி வெளுக்கற கெமிக்கல்) வந்திருக்கு, வாட்டர் போர்டுல இருந்து, அதாவது தண்ணி மாசைப் பாக்கற ஸ்டேட் அமைப்புல இருந்து, லெட்டரும் வந்தாச்சு. புரோக்கர் கையில இருக்கற பாலிசியைப் பாத்துட்டு பொல்யூஷன் எக்ஸ்க்ளூஷன் (மாசுக்குக் காசு கிடையாதுங்கற வரி) இருக்கு, ஒரு பைசா கிடைக்காதுன்னுட்டார். "சொத்தை வித்துட்டு ஓடிடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. மாமனார் ராத்திரி தூங்கறதில்லன்னு எழுதியிருந்தது மனசுல அப்படியே நிக்குது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நான் வக்கீல் இல்ல. மண்ணு, நிலத்தடி நீர் வேலை பாக்கறவன், கலிபோர்னியாவுல டிரை கிளீனர் சைட்டுகள் நிறைய பாத்திருக்கேன், சுத்தம் பண்ற காசு எங்க இருந்து வருதுன்னு பக்கத்துலயே உக்காந்து பாத்தவன். புரோக்கர் சொன்னது பொய் இல்ல. ஆனா அவர் பாத்தது உங்களுக்கு உதவாத பாலிசி. நீங்க தேட வேண்டியது மாமனாரோட பாலிசியே இல்ல, அவருக்கு முன்னாடி அந்த இடத்தை வச்சிருந்தவங்க, அந்தக் கடையை நடத்தினவங்க, அவங்க 1960கள்ல 70கள்ல கட்டின லயபிலிட்டி பாலிசி, அதாவது தன்னால அடுத்தவனுக்கு வந்த சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பேத்துக்கற பாலிசி.

நம்ம ஆளுங்களுக்கு இது சட்டுனு ஏறாது, ஏன்னா நமக்குத் தெரிஞ்சது கார் இன்சூரன்ஸும் ஹெல்த் இன்சூரன்ஸும்தான், வருஷம் முடிஞ்சா பாலிசியும் முடிஞ்சது, அவ்வளவுதான். அமெரிக்காவுல பிசினஸ்காரங்க வாங்கற ஜெனரல் லயபிலிட்டி பாலிசி அப்படி இல்ல, குறிப்பா பழசு. பாலிசி காலத்துக்குள்ள அடுத்தவன் சொத்துக்கு சேதம் நடந்திருந்தா போதும், அந்த சேதம் வெளிய தெரியறது முப்பது வருஷம் கழிச்சுன்னாலும், கேஸ் அறுபது வருஷம் கழிச்சு வந்தாலும், அந்த வருஷத்து பாலிசிதான் பதில் சொல்லணும். 1966-ல வந்த ஸ்டாண்டர்ட் ஃபார்ம்ல "அக்கரன்ஸ்"னு ஒரு வார்த்தை வச்சாங்க, அதுக்கு அர்த்தமா கொஞ்சம் கொஞ்சமா தொடர்ந்து நடக்கற பாதிப்பையும் சேத்துதான் எழுதினாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்களே எழுதின வார்த்தை இது.

பெர்க் விஷயத்துல இது ரொம்ப முக்கியம். பெர்க் தண்ணியை விட ஒன்றரை மடங்குக்கும் மேல கனம். கடையோட சிமெண்ட் தரையில சிந்தினா சிமெண்டுக்குள்ளயே இறங்கும், கீழ போய் நிலத்தடி நீரைத் தொட்டும் நிக்காது, இன்னும் கீழ இறங்கும். அதைவிட பெரிய வழி சாக்கடைக் குழாய். மெஷின்ல இருந்து பிரிஞ்சு வர தண்ணியில பெர்க் கலந்திருக்கும், அதை டிரெய்ன்ல ஊத்தறதுதான் அன்னிக்கு எல்லாரும் பண்ணின வழக்கம், குழாய் ஜாயிண்ட்ல எல்லாம் அது கசிஞ்சு மண்ணுக்குப் போயிடும். கலிபோர்னியாவுல சென்ட்ரல் வேலி வாட்டர் போர்டு 1992-லயே இதை ஆராய்ஞ்சு, கிணறுகள்ல வர பெர்க்குக்கு டிரை கிளீனருங்க ஒரு பெரிய மூலம், சாக்கடைக் குழாய்தான் முக்கியமான பாதைன்னு சொல்லிடுச்சு. குடிதண்ணில அனுமதிக்கிற அளவு ஒரு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான், அதனால கொஞ்சம் சிந்தினாலும் பெரிய ஏரியா கெட்டுப்போகும். இப்ப யோசிங்க, 1961-ல ஆரம்பிச்ச கடை, 1963-லயே கசிவு ஆரம்பிச்சிருந்தா, 63-ல இருந்து ஒவ்வொரு வருஷமும் சேதம் நடந்துக்கிட்டே இருந்திருக்கு, அப்ப அத்தனை வருஷத்து பாலிசியும் ஒண்ணொண்ணா முழிச்சுக்கும். கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் 1995-ல மான்ட்ரோஸ் கெமிக்கல் கேஸ்ல இதைத்தான் சொல்லுச்சு.

சரி, மாமனார் ஒண்ணுமே பண்ணலயே, அவர் மேல ஏன் வருது? 1980 டிசம்பர் 11-ல கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சூப்பர்ஃபண்ட் சட்டம்தான் காரணம். நயாகரா ஃபால்ஸ் ஊர்ல லவ் கெனால்னு ஒரு இடம், கெமிக்கல் கொட்டி மூடின குழி மேல ஸ்கூலும் பக்கத்துல வீடுங்களும் வந்து, 1978-ல ஜனங்களை வெளியேத்த வேண்டியதாச்சு, அந்த அதிர்ச்சியில வந்த சட்டம். அதுபடி தப்பு யாரு பண்ணினாங்கறது கேள்வியே இல்ல, இன்னிக்கு நிலம் யார் பேர்ல இருக்கோ அவரும் பொறுப்பு, கொட்டினப்ப நிலத்தை வச்சிருந்தவரும் கடையை நடத்தினவரும் பொறுப்பு, சட்டம் வர்றதுக்கு முன்னாடி நடந்ததுக்கும் பொறுப்பு. 2002 ஜனவரி 11-க்கு அப்புறம், சரியா விசாரிச்சுட்டு வாங்கினவங்களுக்கு ஒரு பாதுகாப்பு கொடுத்தாங்க, மாமனார் வாங்கினது 1996, அதனால அந்த வழி அவருக்கு இல்ல. ஆனா இதே சட்டம்தான் அவருக்கு இன்னொரு கதவையும் திறக்குது, அவர் செலவு பண்ற காசை முன்னாடி இருந்தவங்ககிட்ட இருந்து கேட்டு வாங்கலாம்.

அவங்ககிட்ட ஏது காசு, கடைக்காரர் செத்திருப்பார், கம்பெனி கலைஞ்சிருக்கும்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் இங்கதான் கையை விரிச்சுடறாங்க. கலிபோர்னியாவுல கலைச்சுட்ட கார்ப்பரேஷன் மேலயும் கேஸ் போடலாம், அதுக்கு இருக்கற இன்சூரன்ஸ் அளவுக்கு வசூல் பண்ணலாம், கார்ப்பரேஷன்ஸ் கோட் 2011-வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு. செத்துப்போனவரா இருந்தா ப்ரோபேட் கோட் 550-வது பிரிவு, அவர் எஸ்டேட் (விட்டுப்போன சொத்து) பேர்ல கேஸ் போட்டு அவரோட இன்சூரன்ஸ்ல இருந்து மட்டும் எடுக்கலாம், அவர் பசங்களோட வீட்டுல கை வைக்கறதில்ல. பல பேர் "பாவம் அந்த வயசானவர் மேல எப்படிங்க கேஸ் போடறது"ன்னு பின்வாங்குவாங்க, உங்க மாமனாரும் அப்படித்தான் சொல்லுவார்னு தோணுது. அந்த மனசு நல்ல மனசு. ஆனா ஒண்ணு யோசிக்கச் சொல்லுங்க, அந்தக் கடைக்காரர் வருஷா வருஷம் ஒழுங்கா பிரீமியம் கட்டினதே இப்படி ஒரு நாள் வந்தா தனக்காக வேற ஒருத்தர் நிப்பாங்கன்னுதான். அவர் அன்னிக்கு இருந்த வழக்கப்படிதான் வேலை பாத்தார், அவரை யாரும் திட்டப் போறதில்ல, அவர் காசு கொடுத்து வாங்கின வாக்கைத்தான் நிறைவேத்தச் சொல்றோம்.

எந்த வருஷத்துப் பாலிசி எவ்வளவு மதிப்புன்னு இப்ப சொல்றேன், இதைக் கவனமா படிங்க. 1970-க்கு முன்னாடி உள்ள பாலிசி தங்கம். அதுல பொல்யூஷனைப் பத்தி ஒரு வரி கூட இருக்காது. 1970-ல எக்ஸ்க்ளூஷன் ஒண்ணை ஒட்ட ஆரம்பிச்சாங்க, 1973 ஃபார்ம்ல அதை உள்ளயே போட்டுட்டாங்க, பொல்யூஷனுக்குக் கிடையாது, ஆனா "சடன் அண்ட் ஆக்சிடென்டல்"ஆ (திடீர்னு, தற்செயலா) நடந்திருந்தா உண்டுன்னு. அந்த ரெண்டு வார்த்தைக்காக அமெரிக்கா முழுக்க கோர்ட்ல அடிச்சுக்கிட்டாங்க. நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் 1993-ல மார்ட்டன் கேஸ்ல, அந்த எக்ஸ்க்ளூஷனோட உண்மையான வீச்சை அன்னிக்கு அரசு அதிகாரிங்ககிட்ட இன்சூரன்ஸ் தரப்பு சரியா சொல்லலன்னு கடுமையா பேசி, கம்பெனிங்க அதை அப்படியே பயன்படுத்த விடல. கலிபோர்னியா கோர்ட்டுங்க அந்த அளவுக்குப் போகல, இங்க "சடன்"னா திடீர்னு நடக்கணும், வருஷக்கணக்கா சொட்டுனதை அதுல சேக்க மாட்டாங்க. ஆனா டிரை கிளீனிங் கடையில திடீர்னு நடக்கறதும் உண்டு, மெஷின் பொங்கி வழியும், சால்வென்ட் டெலிவரி பண்றப்ப ஹோஸ் கழண்டுக்கும், அப்படி ஒரு சம்பவத்தைப் பழைய வேலைக்காரர் யாராவது ஞாபகம் வச்சுச் சொன்னா 1973-85 பாலிசிக்கும் உயிர் வரும். 1986-ல இருந்து அப்சல்யூட் எக்ஸ்க்ளூஷன், அந்த "சடன்" விதிவிலக்கும் இல்லாம பொல்யூஷனுக்குக் கிடையாதுங்கறது, புரோக்கர் காட்டினது அதோட வாரிசுதான். உங்களுக்கு அதிர்ஷ்டம் என்னன்னா கடை 1961-ல ஆரம்பிச்சது, தங்கமான வருஷம் ஒன்பது பத்து இருக்கு.

அந்தக் காலத்துப் பாலிசில லிமிட், அதாவது கம்பெனி கொடுக்கற அதிகபட்ச நஷ்டஈடு, ரொம்ப சின்னதா இருக்குமேன்னு நினைப்பீங்க. ஆமா, சொத்துச் சேதத்துக்கு 25 ஆயிரம், 50 ஆயிரம் டாலர்னு கூட இருக்கும். அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. அந்த பாலிசிங்கள்ல ரெண்டு வாக்கு இருக்கு, ஒண்ணு கடைசில நஷ்டஈடு கொடுக்கறது, இன்னொண்ணு கேஸ் வந்தா தற்காத்துக் கொடுக்கறது, இந்த ரெண்டாவதுதான் பெருசு. வழக்கமான ஃபார்ம்ல தற்காப்புச் செலவு லிமிட்டுக்கு வெளிய, லிமிட் தீர்ற வரைக்கும் கம்பெனி செலவழிச்சுக்கிட்டே இருக்கணும். கவரேஜ் இருக்க வாய்ப்பிருந்தாலே தற்காக்கணும், நிச்சயமா இருக்கணும்னு கூட இல்ல. அதுலயும், 1997-ல ஏரோஜெட் கேஸ்ல கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட், தற்காப்புக்குத் தேவைப்பட்டா சைட்டைத் தோண்டி ஆராயற செலவும் தற்காப்புச் செலவுலயே சேரலாம்னு சொல்லிடுச்சு. கிணறு போடறது, சாம்பிள் எடுக்கறது, லேப், ரிப்போர்ட், எங்க பில்லுல பாதி அதுதான். 25 ஆயிரம் லிமிட் உள்ள ஒரு பாலிசிக்கு அதைப் போல பல மடங்கு தற்காப்புச் செலவு போனதை நான் கண்ணால பாத்திருக்கேன். அதனாலதான் கம்பெனிங்க சீக்கிரமா பேசி முடிக்க வராங்க.

லிமிட்டைக் கூட்டவும் வழி உண்டு. ரிவர்சைட் கவுன்டில ஸ்ட்ரிங்ஃபெல்லோ ஆசிட் குழின்னு ஒண்ணு, அந்தக் கேஸ்ல 2012-ல கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட், தொடர்ந்து நடந்த சேதத்துக்கு ஏதாவது ஒரு வருஷத்துப் பாலிசிகிட்டயே லிமிட் வரைக்கும் முழுசையும் கேக்கலாம், போதலைன்னா மத்த வருஷங்களோட லிமிட்டை மேல மேல அடுக்கலாம், பாலிசில அதைத் தடுக்கற வரி இல்லாத வரைக்கும்னு சொல்லுச்சு. நியூ யார்க்லயோ நியூ ஜெர்சிலயோ இருந்தா பெரும்பாலும் வருஷவாரியா பங்கு போட்டுடுவாங்க, கைல வர்றது குறையும். இந்தியானால வேற கதை, ஒரு பெட்ரோல் பங்க் கேஸ்ல 1996-லயே அங்க சுப்ரீம் கோர்ட் அப்சல்யூட் எக்ஸ்க்ளூஷனையே தெளிவில்லைன்னு தள்ளிடுச்சு, 2012-லயும் அதையே உறுதி பண்ணிடுச்சு, அங்க 1986-க்கு அப்புறம் உள்ள பாலிசியும் வேலை செய்யும். ஓரிகன்ல 1999-ல தனிச் சட்டமே போட்டாங்க. இதை ஏன் சொல்றேன்னா, இந்த விஷயத்துல ஸ்டேட்டுக்கு ஸ்டேட் எல்லாமே மாறும், வேற ஸ்டேட்ல இருக்கற ஃபிரெண்டு யாராவது அவர் அனுபவத்தை வச்சு சொல்றதை அப்படியே நம்பிடாதீங்க.

கலிபோர்னியாவுல ஒரு முடிச்சு இருக்கு. 1998-ல ஃபாஸ்டர் கார்ட்னர் கேஸ்ல சொல்லிட்டாங்க, அரசு அனுப்பற லெட்டரோ ஆர்டரோ "சூட்" (வழக்கு) ஆகாது, கோர்ட்ல தாக்கல் பண்ணின கேஸ் வந்தாத்தான் தற்காக்கற கடமை வரும்னு. அதனால பழைய ஓனர் குடும்பத்துக்கு வாட்டர் போர்டு லெட்டர் போனாலும் அவங்க இன்சூரன்ஸ் கம்பெனி அசையாம உக்காந்திருக்கும். மாமனார் ஃபெடரல் கோர்ட்ல சூப்பர்ஃபண்ட் சட்டப்படி கேஸ் போட்டாத்தான் அந்தப் பாலிசி கண்ணைத் திறக்கும். கேக்க விரோதம் மாதிரி இருக்கும், நடைமுறையில ரெண்டு பக்கத்துக்கும் அதுதான் உதவி. பழைய ஓனர் குடும்பம் யாராவது இருந்தா வக்கீல் மூலமா முன்கூட்டியே பேசுங்க, "உங்க காசைக் கேக்கல, உங்க அப்பாவோட பழைய பாலிசியைத்தான் கேக்கறோம்"னு சொன்னா அவங்களே பரண்ல ஏறித் தேடிக் கொடுப்பாங்க. கேஸ் கைக்கு வந்த அன்னிக்கே அவங்க கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பணும், நோட்டீஸுக்கு முன்னாடி தானா செலவழிச்ச காசைக் கம்பெனி தராது.

"நிலம் பாலிசி ஹோல்டரோட சொந்தச் சொத்து, சொந்தச் சொத்துக்கு லயபிலிட்டி பாலிசி கிடையாது"ன்னு ஒரு பதில் வரும், கண்டிப்பா வரும். கலிபோர்னியாவுல தண்ணி மக்களோட சொத்துன்னு வாட்டர் கோட்லயே இருக்கு, நிலத்தடி நீர் கெட்டா அது அடுத்தவன் சொத்துக்கு நடந்த சேதம்தான். "சுத்தம் பண்ற செலவு டேமேஜஸ் (நஷ்டஈடு) ஆகாது"ன்னும் சொல்லிப் பாப்பாங்க, அதை 1990-லயே இந்த ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் மறுத்தாச்சு. நோட்டீஸ் லேட்டுன்னு சொல்லுவாங்க, லேட்டானதால கம்பெனிக்கு நிஜமாவே பாதிப்பு வந்ததுன்னு அவங்கதான் காட்டணும்.

இப்ப தேடற வேலை. இதுக்குன்னே இன்சூரன்ஸ் ஆர்க்கியாலஜின்னு ஒரு தொழில் இங்க இருக்கு, கீழடில மண்ணைச் சலிக்கற மாதிரி பழைய காகிதத்தைச் சலிக்கறவங்க. பாலிசியே கைல இருக்கணும்னு அவசியம் இல்ல. பாலிசி இருந்தது, என்ன கம்பெனி, எந்த வருஷம், என்ன லிமிட்னு காட்டற வேற காகிதம் கிடைச்சா, அந்த வருஷத்து ஸ்டாண்டர்ட் ஃபார்ம் என்னன்னு தெரியும், அதை வச்சு மீதியைக் கட்டி எழுப்பிடலாம். முதல்ல பாக்க வேண்டியது லீஸ். வாடகைக்கு எடுத்தவர் இவ்வளவு டாலருக்கு லயபிலிட்டி வச்சிருக்கணும், ஓனர் பேரையும் அதுல சேக்கணும்னு பழைய லீஸ்லயே இருக்கும், பின்னாடி சர்டிபிகேட் ஒண்ணு பின் பண்ணியிருக்கும். அப்புறம் கடன் கொடுத்த பேங்க் ஃபைல், சின்ன பிசினஸ் லோன் ஃபைல், ஆடிட்டரோட லெட்ஜர்ல பிரீமியம் என்ட்ரி, கேன்சல் ஆன செக். வொர்க்கர்ஸ் காம்ப் (வேலைக்காரருக்கு அடிபட்டா கொடுக்கற இன்சூரன்ஸ்) எந்தக் கம்பெனில வாங்கினாங்களோ லயபிலிட்டியும் அங்கயே வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அதனால அந்த ரெகார்டையும் விடாதீங்க. அந்த ஊர்ல இருந்த பழைய இன்சூரன்ஸ் ஏஜென்சி யாரு, அதை யார் வாங்கினாங்கன்னு பாருங்க. கடையில எப்பவோ ஒருத்தர் வழுக்கி விழுந்து கேஸ் போட்டிருந்தா கவுன்டி கோர்ட் ஃபைல்ல கம்பெனி பேர் இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு சைட்ல கடைக்காரரோட மனைவி, தொண்ணூறு வயசு தாண்டினவங்க, கிறிஸ்துமஸ் அலங்காரம் வச்சிருந்த அட்டைப்பெட்டிக்கு அடியில இருந்து 1960கள்ல கட்டின பிரீமியம் ரசீதை எடுத்துக் கொடுத்தாங்க, அந்த ஒத்த ரசீது அந்தத் தெரு முழுக்க சுத்தம் ஆக காரணமாச்சு. இப்ப நினைச்சாலும் எனக்குக் கண்ணு கலங்கும்.

கம்பெனி பேரைப் பாத்து "இது இப்ப இல்லையே"ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஏட்னாவோட சொத்து-விபத்துப் பிரிவை டிராவலர்ஸ் 1996-ல வாங்கினாங்க. இன்சூரன்ஸ் கம்பெனி ஆஃப் நார்த் அமெரிக்கா சிக்னாவாகி, 1999-ல ஏஸ் கைக்குப் போய், இன்னிக்கு சப்னு நிக்குது. பொறுப்பும் கூடவே போகும். நிஜமாவே திவாலான கம்பெனியும் உண்டு, ரிலையன்ஸ் 2001, ஹோம் இன்சூரன்ஸ் 2003, அங்க திவாலான கம்பெனிக்குப் பதிலா கொடுக்கற ஸ்டேட் கேரண்டி ஃபண்ட்னு ஒரு வழி இருக்கு, ஆனா அது குறுகல்.

மாமனார் செய்யக் கூடாதது சிலது. நிலத்தோட பழைய ஓனர்கிட்ட எந்த ரிலீஸ்லயும் (இனி உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதிக் கொடுக்கறது) கையெழுத்துப் போடக் கூடாது. அவசரப்பட்டு யாரோ சொன்ன மெஷினை வச்சு மண்ணுல இருந்து பெர்க்கை உறிஞ்ச ஆரம்பிக்கக் கூடாது, சூப்பர்ஃபண்ட் சட்டப்படி காசைத் திருப்பிக் கேக்கணும்னா செலவு ஃபெடரல் விதிமுறைக்கு ஒத்து இருக்கணும், ஜனங்களுக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கறது வரைக்கும் அதுல இருக்கு. அதுக்காக வாட்டர் போர்டு லெட்டரைக் கண்டுக்காம விடவும் கூடாது, 13267 லெட்டர்னா (வாட்டர் கோட் 13267-வது பிரிவுப்படி ரிப்போர்ட் கேட்டு வர லெட்டர்) அதுல போட்ட தேதிக்குள்ள பதில் போயே ஆகணும், அந்த ஆபீஸரைக் கூப்பிட்டு "முன்னாடி இருந்தவங்களைத் தேடறோம்"னு சொல்லி டைம் கேளுங்க, நியாயமா கேட்டா கொடுப்பாங்க. பக்கத்துக் கடைக்குள்ள காத்துல பெர்க் ஏறுதான்னு மட்டும் உடனே பாத்துடுங்க, அங்க நாள் முழுக்க ஆளுங்க உக்காந்திருக்காங்க, அது காசு விஷயம் இல்ல. வக்கீல் எடுக்கறப்ப சுற்றுச்சூழல் வக்கீல் ஒருத்தர், கவரேஜ் வக்கீல் (இன்சூரன்ஸ் பாலிசி கேஸ் பாக்கறவர்) ஒருத்தர், ரெண்டும் வேற வேற வேலை, கவரேஜ் பாக்கறவர் இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் வாதாடாதவரா இருக்கணும்.

கடைசில பெரும்பாலும் மீடியேஷன்ல, நடுவுல ஒருத்தரை வச்சுப் பேசி, முடியும். கம்பெனி ஒரு தொகை கொடுத்து அந்தப் பாலிசியையே திரும்ப வாங்கிக்கும், அந்தக் காசை சுத்தம் பண்றதுக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டு வேலையை முடிப்பாங்க. சில மாசத்துல நடக்காது, சில வருஷம் ஆகும், முழுச் செலவும் வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா இப்ப வித்தா வாங்கறவன் மொத்தச் செலவையும் பயத்தையும் சேத்துக் கழிச்சுட்டுத்தான் விலை சொல்லுவான், அப்புறம் அதே பழைய பாலிசியை அவன் தேடி எடுத்துக்குவான், நானே பாத்திருக்கேன்.

இந்த வாரக் கடைசில மாமனார் வீட்டுக்குப் போறப்ப 1996 எஸ்க்ரோ ஃபைலை (சொத்து கைமாறினப்ப சேத்த காகிதக் கட்டு) எடுக்கச் சொல்லுங்க. வித்தவங்க கொடுத்த லீஸ் காப்பி, எஸ்டாப்பல் சர்டிபிகேட் (லீஸ் விவரம் சரின்னு வாடகைக்காரர் எழுதிக் கொடுக்கறது), வாடகை லிஸ்ட் எது இருந்தாலும் ஃபோட்டோ எடுத்துக்குங்க, கடைக்காரர் தனி ஆளா கையெழுத்துப் போட்டாரா இல்ல கார்ப்பரேஷன் பேர்லயாங்கறதை முக்கியமா பாருங்க. காகிதத்துல இருக்கற பேரை எல்லாம் இங்க போட வேண்டாம், என்ன வகைக் காகிதம் கிடைச்சதுன்னு மட்டும் சொல்லுங்க, அதை வச்சு எந்த வருஷத்துல இருந்து தேட ஆரம்பிக்கலாம்னு சொல்றேன்.